தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு

வெயிலில் ஏற்றிய விளக்கின் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்ணெய் காயும் வாசனையையும் திரியின் நுனி கறுத்திருப்பதையும் வைத்துத்தான் அது எரிகிறது என்று அறிய முடியும். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, தில்லியில் ஒரு நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் நாங்கள் அப்படி ஐந்து விளக்குகளை ஏற்றுகிறோம். நாங்கள் என்பது ஐந்து குடும்பங்கள். எங்களுக்குள் உறவில்லை; எல்லோருக்கும் ஒரே மொழியும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். அந்த ஐந்து வழக்குகளும் பல ஆண்டுகள் ஒரே தாழ்வாரத்தில் நடந்தன. எங்களைச் சேர்த்தது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அது அக்கா. அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினொன்று. வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி, கிட்வாய் நகரில் இருந்த எங்கள் அரசுக் குடியிருப்புக்கு நடந்து வரும் வழியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவளுடைய கைப்பேசியைப் பறித்தார்கள். அவள் விடவில்லை. ஒருவனிடம் கத்தி இருந்தது. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அந்தப் பூங்காவில் நாங்கள் கடைப்பிடிக்கும் விதியும் அதுவே.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, சாவு நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. ஆண்டு திரும்பியதும் சொந்தக்காரர் யாராவது புதுத்துணியும் பலகாரமும் கொண்டுவந்து, மறுபடியும் தொடங்கிவைக்க வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் திருநெல்வேலியில் இருந்தார்கள். மாமா தொலைபேசியில் அழைத்து, "இனிமே எடுத்துச் செய்யி தாயி" என்றார். அம்மா, "சரிண்ணே" என்றாள். பேசி முடித்ததும், பலகாரம் சுடும் இரும்புச் சட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு இறங்கினாள். அக்காவைப் பற்றிப் பேசுவதையும் அவள் அதற்குள் நிறுத்தியிருந்தாள். அழவும் இல்லை. அவள் முன்னால் அக்காவின் பெயரைச் சொன்னால், எழுந்து போய் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேய்ப்பாள். அப்பாவும் நானும் சொல்லாதிருக்கப் பழகினோம்.

பூங்கா வழக்கத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு இந்தி ஆசிரியை. கரோல் பாகில் அவருடைய கணவர் வைத்திருந்த துணிக்கடையில் புகுந்த கொள்ளையர்கள் கணவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் எல்லோரும் அவரை மேடம்ஜி என்று அழைத்தார்கள், காவலர்கள்கூட. அக்கா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தபோது, தீபாவளி விடுமுறைக்கு முந்தைய கடைசி விசாரணை நாளில், அம்மாவின் பக்கத்தில் இருந்த பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நானும் உடன் இருந்தேன்.

"இந்த வருஷம் வீட்டில் மிட்டாய் உண்டா?" என்று இந்தியில் கேட்டார்.

அம்மாவின் இந்தி காய்கறி வாங்கும் இந்தி. எல்லாம் புரியும், வாயைத் திறக்கத்தான் கூச்சம். என்னைப் பார்த்தாள். நான் மேடம்ஜியிடம் இல்லை என்றேன்.

"என் வீட்டிலும் இல்லை. பண்டிகை வந்தால் வீடு கடிக்க வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எதிரே இருக்கிற பார்க்குக்கு வாருங்கள். போனவர்களுக்குப் பிடித்ததைக் கொண்டு வாருங்கள். பேட்டா, அம்மாவிடம் சொல்."

சொன்னேன். சனிக்கிழமை இரவு பரணிலிருந்து சட்டி இறங்கியது. காலையில் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய முந்திரிக்கொத்து இருந்தது. பாசிப்பயற்று மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்து, மாவில் முக்கிப் பொரிக்கும் உருண்டை. பெயரில்தான் முந்திரி இருக்கிறது என்று அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் குறைபட்டுக்கொண்டே பத்து தின்பாள்.

அந்த முதல் ஞாயிறு இப்போதும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. புல்லில் விரித்த பூப்போட்ட படுக்கை விரிப்பு. நான்கு மூலைகளிலும் காற்றுக்குப் பறக்காமல் செருப்புகள். மேடம்ஜியின் தெர்மாஸில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர். பிகாரிலிருந்து வந்து தில்லியிலேயே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், செய்தித்தாள் பொட்டலத்தில் சமோசா கொண்டுவந்திருந்தார். வண்டி நிறுத்தும் இடத்துக்காக நடந்த சண்டையில் அவருடைய மகனை அடித்துக் கொன்றிருந்தார்கள். முந்திரிக்கொத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர், "இது லட்டுவா, பக்கோடாவா?" என்று கேட்டார்.

"இரண்டும்தான்" என்றேன்.

"மதராஸிகள் ஒரு முடிவுக்கு வரவே மாட்டார்கள்" என்று சொல்லி இரண்டை எடுத்துக்கொண்டார்.

விளக்கை ஏற்றியதும் பூங்காக் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு வந்தார். பூங்காவில் நெருப்பு கூடாது என்றார். மேடம்ஜி மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி, "எந்த ஸ்கூலில் படித்தாய்?" என்று கேட்டார். அவர் பள்ளியின் பெயரைச் சொன்னார். "அங்கே நான் எட்டு வருஷம் பாடம் எடுத்தேன். யாரும் உன்னை உட்காரச் சொல்லவில்லையென்றால் நான் சொல்கிறேன், உட்கார்." காவலாளி உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆண்டிலிருந்து தீப்பெட்டி அவருடையது.

விதிகளை வகுத்தவரும் மேடம்ஜிதான். சாவைப் பற்றிப் பேசக் கூடாது. வழக்கைப் பற்றியும் கூடாது. ஒவ்வொரு குடும்பமும் போனவரைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டுகளில் சொல்லாததாக அது இருக்க வேண்டும். பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, சொன்னதை அவர் எழுதிக்கொள்வார். யாராவது பழையதைச் சொன்னால் பக்கத்தைப் புரட்டி, "இது போன வருஷமே வந்துவிட்டது. புதிது?" என்பார். அறுபதைக் கடந்தவர்களும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப் போல் விழிப்பார்கள்.

எங்கள் வீட்டின் சார்பில் நான்தான் பேசினேன். அம்மா வாயைத் திறப்பதில்லை. அப்பா தொண்டையைச் செருமுவதோடு சரி. அக்கா செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள் என்று முதல் ஆண்டு சொன்னேன். சாலையைக் கடக்கும்போது என் விரலைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைத்தான் பிடிப்பாள் என்று அடுத்த ஆண்டு. வேர்க்கடலைத் தோலைக் கீழே போடாமல் சுடிதாரின் பையில் சேர்த்து வைப்பாள். துவைக்கும்போது வாளி முழுவதும் மிதக்கும். அவளுக்கு விசிலடிக்க வராது. இப்படி ஏழு ஆண்டுகளில் ஏழு செய்திகள். நான் பேசும்போது அம்மா புல்லைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். ஆனால் நான் தொடங்கியதும் அவளுடைய கை நின்றுவிடும். ஆண்டு முழுவதிலும் அக்காவைப் பற்றி அவள் கேட்பது அந்த ஒரு வாக்கியம்தான் என்பதை நான் அறிந்திருந்தேன்.

எட்டாவது ஆண்டு எனக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு வாரமாகத் தேடியும் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பதினொரு வயதுக் குழந்தை அக்காவைக் கவனித்தா வைத்துக்கொள்கிறது? அக்கா எப்போதும் இருப்பாள் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "நல்லாப் படிப்பா" என்றார். அது மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அம்மாவிடம் கேட்க முடியாது.

என் முறை வந்தது. மேடம்ஜி பேனாவின் மூடியைக் கழற்றினார். எங்கள் மாடிப்படிக்குக் கீழே செம்மண் நிறத்தில் ஒரு நாய் இருந்தது, அதற்கு வெடிச்சத்தம் ஆகாது என்று ஆரம்பித்தேன். அதுவரை உண்மை. தீபாவளியன்று எல்லோரும் வெளியே வெடித்துக்கொண்டிருக்கும்போது, அக்கா மட்டும் படிக்குக் கீழே போய் உட்கார்ந்து, தன் துப்பட்டாவால் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பாள் என்று முடித்தேன். அது உண்மை இல்லை. வாயைத் திறந்தபோது அந்த வாக்கியம் எனக்குத் தெரியாது. முடித்தபோது முழுசாக, அழகாக இருந்தது.

தபால்காரர் கண்ணைத் துடைத்தார். மேடம்ஜி எழுதி முடித்து, "ஷாபாஷ்" என்றார். சொன்ன எனக்கு அல்ல, அக்காவுக்கு.

வீட்டுக்கு வரும் வழியில், மெட்ரோவில், அம்மா என் பக்கம் குனிந்தாள். "எப்பட்டி நடந்தது இது? என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

அம்மா அக்காவைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் கேட்ட முதல் கேள்வி அது. ரயில் நின்றது, கதவு திறந்தது, மூடியது. "நீ அடுப்படில இருந்தம்மா" என்றேன்.

"ஆமா, நான் எப்பவும் அடுப்படிதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குள்ளே சிரித்தாள்.

அதுவரை நாயைக் கண்டால் துடைப்பத்தை எடுப்பவள் அம்மா. அந்தத் தீபாவளியன்று ஒரு கிண்ணம் தயிர்ச்சோற்றோடு படியிறங்கினாள். செம்மண் நிற நாய் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வேறு மூன்று இருந்தன. கிண்ணத்தைத் தூரத்தில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு படி ஏறி நின்று பார்த்தாள். மார்கழிக் குளிருக்குள் பயம் தெளிந்துவிட்டது. பால்காரரிடம் கால் லிட்டர் கூடுதலாக வாங்கினாள். "சல், ஹட், முதல்ல இதுக்கு" என்று இரண்டு மொழியில் அவற்றை அதட்டினாள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி, "க்யா பாத் ஹை, நீங்கள் நாய்களுக்கு அம்மா ஆகிவிட்டீர்களே" என்று கேலி செய்தபோது, "மேரி படீ பேட்டீ கோ பஹுத் பசந்த் தா" என்றாள். என் மூத்த மகளுக்கு மிகவும் பிடிக்கும் என்று, ஒரு வெளியாளிடம், சிரித்த முகத்தோடு. நான் அப்போது மாடிப்படியில் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஓராண்டு எங்கள் வீடு இருந்ததைப் போல் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. அம்மா பேசினாள். பேசியது அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே என்றாலும் பேசினாள். அப்பா சாப்பிடும்போது நிமிர்ந்து அவளைப் பார்ப்பார். நான் தட்டிலிருந்து நிமிரவே மாட்டேன். கதை வளரவும் தொடங்கியிருந்தது. துப்பட்டா பச்சை நிறம் ஆயிற்று. பிறகு அக்கா அதற்குப் பிஸ்கட் கொடுத்தாள். ஆவணியில் ஒருநாள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "ராத்திரி முழுக்க அங்கனயே இருந்தா" என்று சொல்வதைக் கேட்டேன். எனக்கே அந்தக் காட்சி கண்ணில் தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் அதில் அக்காவின் முகம், அலமாரிக்குள் இருந்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தின் முகமாக, நேராக, அசையாமல் இருந்தது. உண்மையான நினைவுகளில் எனக்கு அவள் முகம் ஒருபோதும் அப்படித் தெரிந்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்த கைதான் தெரியும். நான் அம்மாவுக்கு ஒரு மகளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளோ தான் பெற்ற மகளை விட்டு, நான் எழுதிய மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டுப் பூங்கா ஞாயிற்றுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது, அடுக்களையில் அம்மா பாசிப்பயற்றை வறுத்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்த நாய்களைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தரச் சொன்னாள். "மேடம்ஜிகிட்டக் காட்டணும்."

"அம்மா, அது நான் இட்டுக்கட்டினது" என்றேன்.

"எது?"

"நாய்க் கதை. எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. அதான்."

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. பயறு நிறம் மாறும் வரை வறுத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"முழுசுமாட்டி? கொஞ்சங்கூடவா நெசம் இல்ல?"

"நாய் இருந்தது. வெடிக்குப் பயந்தது."

"இவ?"

"அக்கா அங்க இல்லம்மா."

பயற்றைத் தட்டில் கொட்டிப் பரப்பினாள். என்னைத் திட்டியிருக்கலாம். "பாலு வாங்கிட்டு வா, அதுங்களுக்கு நேரமாச்சு" என்றாள். அந்த நான்கு நாட்களும் வீடு பழையபடி ஆயிற்று. பாத்திரங்கள் மட்டும் பளபளத்தன. பூங்காவுக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். இனி ஒருபோதும் அக்காவைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது என்றும், அதற்கு நானே காரணம் என்றும் நினைத்தேன்.

ஞாயிறு காலை தூக்கை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே படியிறங்கினாள்.

விரிப்பு, செருப்புகள், தேநீர். காவலாளி தீக்குச்சியைக் கைகளுக்குள் காத்து ஐந்து விளக்குகளையும் ஏற்றினார். தபால்காரர் மகனைப் பற்றி ஒன்று சொன்னார். மேடம்ஜி எங்கள் பக்கத்தைப் புரட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பேசுவதற்குள் அம்மா கையை நீட்டி, நோட்டில் கடைசியாக எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்தாள். அவளுக்கு இந்தி படிக்க வராது. கடைசி வரி எது என்று தெரியும்.

"யே ஜூட் ஹை. காட்டியே" என்றாள். இது பொய், அடித்துவிடுங்கள்.

மேடம்ஜி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அளவுகோல் இல்லாமலே நேராக ஒரு கோடு போட்டார்.

"அப் மை போலேகா" என்றாள் அம்மா. வினைச்சொற்களை ஆண்பாலில் முடிப்பதால், அவளுடைய இந்தியில் எப்போதும் அவள் ஆண்தான். இப்போது நான் பேசுவேன்.

இந்தியில் தொடங்கித் தமிழுக்குத் தாவி, நான் மொழிபெயர்க்கக் காத்து, மறுபடி தொடங்கி, அவள் சொன்னது இதுதான். அக்கா இருந்த கடைசித் தீபாவளிக்கு முதல் நாள், முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பு வரை எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. அம்மா கையை ஓங்கிக் கன்னத்தில் அடித்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. அக்கா அழவில்லை. "நீ அடிச்சா மட்டும் முடி வந்து ஒட்டிக்கிடுமா?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் பேசவில்லை. சுட்ட பலகாரத்தைத் தொடவில்லை. "ரொம்பத் திமிரு புடிச்சவ" என்று தமிழில் முடித்தாள் அம்மா. "நாய்க்குக் காதைப் பொத்துத அளவுக்கெல்லாம் நல்லவ இல்ல. இத எழுதச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். திமிருக்கு இந்தியில் சரியான சொல்லைத் தேடித் தயங்கியபோது தபால்காரரே எடுத்துக் கொடுத்தார். பிறகு, "நானும் ஒன்றை மாற்றிக்கொள்ளலாமா?" என்று மேடம்ஜியைக் கேட்டார். "என் மகன் சிகரெட்டைத் தொட்டதில்லை என்று நான்காம் வருஷம் சொன்னேன் அல்லவா? என் பாக்கெட்டிலிருந்துதான் திருடுவான். தினமும் இரண்டு."

"எனக்குத் தெரியும்" என்றார் மேடம்ஜி. "சொன்னபோதே உங்கள் முகத்தில் இருந்தது." பிறகு பேனாவை மூடாமலே, தன் கணவர் வாடிக்கையாளர்களிடம் துணியைக் காண்பித்துக்கொண்டே குறட்டை விடுவார் என்றார். முதலில் சிரித்தது காவலாளிதான். அதன் பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்த ஆண்டு ஒரு செய்திக்கு மேல் சொல்லக் கூடாது என்ற விதி போய்விட்டது. தேநீர் ஆறியது. ஒரு குடும்பம் மதிய ரயிலைத் தவறவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அம்மா முழங்கையால் என்னை இடித்தாள். "இப்பம் நீ சொல்லு. நெசத்த."

எனக்கு உண்மையில் மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லக் கூசியே மற்ற எல்லாவற்றையும் ஆண்டுக்கொன்றாகச் செலவழித்திருந்தேன். "அவ குரல் எனக்கு மறந்துபோச்சும்மா" என்றேன். இந்தியில் சொல்லவில்லை.

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, கொஞ்சம் மூக்கால், கடைசி எழுத்தை இழுத்து, அவசரக்காரப் பெண் ஒருத்தி குளியலறைக்குள்ளிருந்து கத்துவதைப் போல, "யம்மா, துண்டு எடுத்துட்டு வரல, தா" என்றாள். அப்பா சட்டென்று தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"க்யா போலீ?" அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார் மேடம்ஜி, எழுதத் தயாராக.

துண்டு கேட்கிறாள் என்று இந்தியில் சொன்னேன்.